வட்டி விகிதம் தவிர மற்றவை

ஐரோப்பிய மத்திய வங்கியின் இணையதளத்தில் மாதவாக்கில் ஒரு பக்கம் ஏறும். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'வட்டி விகிதம் தவிர ஆளுநர் குழு எடுத்த மற்ற முடிவுகள்'. வட்டி முடிவு வருடத்துக்கு எட்டு முறை வரும். அதற்கு நேரலை உண்டு, பத்திரிகையாளர் சந்திப்பு உண்டு, அடுத்த நொடியே பத்திரச் சந்தையில் ஆட்டம் உண்டு. இந்தப் பக்கத்துக்கு அந்த யோகம் இல்லை. ஒரு நாட்டின் சட்ட வரைவு மீது கருத்து, இன்னொரு நாடு வெளியிடவிருக்கும் நாணயங்களின் அளவுக்கு ஒப்புதல், ஒரு தேசிய மத்திய வங்கியின் கணக்கைப் பார்க்க வெளித் தணிக்கையாளரைப் பரிந்துரைப்பது, ஏதோவொரு வழிகாட்டு நெறியில் நாலு வரித் திருத்தம், வரும் ஆண்டுகளின் கூட்ட அட்டவணை. அவ்வளவுதான். ஒரு மத்திய வங்கி உண்மையில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், வட்டி அறிக்கையை விட இந்தப் பக்கம்தான் கூடுதலாகச் சொல்லும்.

படிக்கும்போது முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள். உள்ளாட்சி மன்றக் கூட்டப் பொருள்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. 'மன்றத்தின் பார்வைக்கு' என்று வைப்பது வேறு, 'மன்றத்தின் அனுமதிக்கு' என்று வைப்பது வேறு. மத்திய வங்கியிலும் அதே கதைதான். 'ஒப்புதல் அளித்தது' என்றிருந்தால் குழு அந்த முடிவைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. நாளை வழக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியது குழுதான். 'கவனத்தில் கொண்டது' என்றால் அறிக்கை வந்தது, பார்த்தோம், பொறுப்பு இன்னும் அனுப்பியவர் கையில்தான். 'ஆட்சேபிப்பதில்லை என முடிவு செய்தது' என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். முடிவை எழுதியவர் வேறொருவர். அதற்கு உயிர் கொடுத்தது இவர்கள் வாய் திறக்காதது. அன்றாட நிர்வாகத்தில் மிகப் பெரிய பங்கு இந்த மூன்றாம் வகைதான். மௌனம் சம்மதம் என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதை, இங்கே நாள் கணக்கு போட்டு விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

யார் மௌனம் கணக்கில் வரும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய மத்திய வங்கியின் ஆளுநர் குழுவில் செயற்குழு உறுப்பினர்கள் 6 பேர், யூரோ நாடுகளின் மத்திய வங்கி ஆளுநர்கள் 21 பேர். 2026 ஜனவரி 1 அன்று பல்கேரியா சேர்ந்தபின் வந்த எண்ணிக்கை இது. மொத்தம் 27 பேர் என்றாலும் ஒரு நேரத்தில் ஓட்டு 21தான். செயற்குழுவின் 6 ஓட்டு நிரந்தரம். மிச்சம் 15-ல், பெரிய ஐந்து நாடுகளுக்கு 4, மற்ற 16 நாடுகளுக்கு 11. யாருக்கு ஓட்டு என்பது மாதா மாதம் சுழலும். லித்துவேனியா சேர்ந்த 2015 ஜனவரியில் தொடங்கிய ஏற்பாடு. ஓட்டு இல்லாத மாதத்திலும் ஆளுநர் வந்து உட்காரலாம், பேசலாம். கை தூக்க மட்டும் முடியாது. இந்தச் சுழற்சி வட்டி விகிதத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நாணய அளவுக்கு ஒப்புதல் தருவதும் இதே ஓட்டில்தான்.

கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டுமானால் குறைந்தது வந்திருக்க வேண்டிய ஆள் எண்ணிக்கை, ஓட்டுரிமை உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. 14 பேர். ('கோரம் இல்லாததால் கூட்டம் ஒத்திவைப்பு' என்று செய்தித்தாளில் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கூட்டம் அழகாகத்தான் இருந்திருக்கும் போல என்று தோன்றும். இதற்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் இன்னும் நிலைக்கவில்லை.) ஆள் சேரவில்லை என்றால் தலைவர் ஒரு சிறப்புக் கூட்டத்தைக் கூட்டலாம், அதில் கோரம் பார்க்காமலே முடிவெடுக்கலாம். ஓட்டு சமமானால் தலைவர் ஓட்டு தீர்க்கும்.

பங்கு மூலதனம், லாபப் பங்கீடு, வெளிநாட்டுச் செலாவணி இருப்பை மாற்றித் தருவது போன்ற சில விஷயங்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே ஓட்டுக்கு எடை உண்டு. ஒவ்வொரு நாடும் எவ்வளவு மூலதனம் போட்டிருக்கிறதோ அவ்வளவு எடை. செயற்குழுவின் எடை சுழியம். எடையிட்ட பெரும்பான்மை தேவைப்படும் இடங்களில், ஆதரவு ஓட்டுகள் மூலதனத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் பங்குதாரர்களான தேசிய மத்திய வங்கிகளில் பாதியையும் சேர்த்துக் காட்ட வேண்டும். தீர்மானம் தயாரிக்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே 'இது எந்த ஓட்டு?' என்பதுதான். தப்பான முறையில் நிறைவேற்றிய தீர்மானம், உள்ளடக்கம் எவ்வளவு சரியாக இருந்தாலும், செல்லாக்காசு.

இந்திய ரிசர்வ் வங்கியின் மத்திய வாரியத்துக்கும் தற்செயலாக அதே 21தான் உச்சவரம்பு. ஆளுநர் 1, துணை ஆளுநர்கள் அதிகபட்சம் 4, வட்டார வாரியங்களிலிருந்து 4, மத்திய அரசு நியமிப்பவர்கள் 10, அரசு அதிகாரிகள் 2. 1934-ம் ஆண்டுச் சட்டத்தின் 13-ம் பிரிவுப்படி வருடத்துக்குக் குறைந்தது 6 கூட்டம், காலாண்டுக்கு ஒன்றாவது. ஆறு கூட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு மத்திய வங்கியை நடத்த முடியாது. அதனால் வாரியத்தின் உள்ளேயே ஒரு குழு வாரம் ஒருமுறை கூடுகிறது. அதன் நிரந்தரப் பொருள் 53-ம் பிரிவு கேட்கும் வாராந்திரக் கணக்கு: ரூபாய் நோட்டை வெளியிடும் வெளியீட்டுத் துறை, மற்ற வேலைகளைப் பார்க்கும் வங்கித் துறை இரண்டின் பொறுப்புகளும் சொத்துகளும். வெள்ளிக்கிழமை நிலவரம் தயாராகி, ஒப்புதலாகி, அரசுக்குப் போகும். வாராவாரம் வரும் இந்தத் தாளில் யாரும் சண்டை போடுவதில்லை. அது ஒரு வாரம் வராமல் போனால்தான் சண்டை.

ஒரு பொருள் எப்படிக் கூட்டத்துக்கு வந்து சேர்கிறது என்பதில்தான் தொழில் இருக்கிறது. துறை ஒன்று அலுவலகக் குறிப்பு எழுதும். என்ன முடிவு வேண்டும் என்பது முதல் வரியிலேயே, ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். அதன்பின் எந்தச் சட்டப் பிரிவின் கீழ் இந்த அதிகாரம், பின்னணி, வேறு என்ன வழிகள் பார்க்கப்பட்டன, செலவும் இடரும், சட்டத் துறையும் நிதித் துறையும் என்ன சொன்னார்கள், வெளியிடலாமா கூடாதா. கடைசியாகத் தீர்மான வரைவு, அதற்குப் பின்னால் இணைப்புகள். உறுப்பினர்கள் நிஜமாகப் படிப்பது முதல் வரியையும் தீர்மான வரைவையும்தான். நீதிமன்றம் படிப்பது தீர்மானத்தை மட்டும். ஆகவே குறிப்பில் எழுதிய நல்ல விஷயம் தீர்மானத்தில் இல்லையென்றால் அது எங்கேயும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

பிழைகள் எப்போதும் ஒரே இடங்களில்தான் விழும். குறிப்பில் ஒரு தொகை, தீர்மானத்தில் வேறு தொகை: கடைசித் திருத்தத்தில் ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறந்திருப்பார்கள். 'இணைப்பு 2-ல் உள்ளபடி' என்று தீர்மானம் சொல்லும்; நடுவில் ஒரு இணைப்பு எடுக்கப்பட்டதால் பழைய 2 இப்போது 1 ஆகியிருக்கும். நடைமுறைக்கு வரும் தேதி இருக்காது. பதவிக்குத் தர வேண்டிய அதிகாரத்தை ஆள் பேரில் தந்திருப்பார்கள். அவர் இடம் மாறிய மறுநாள் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. புதிய விதியை ஏற்று, பழையதை நீக்குகிறோம் என்று எழுத மறந்தால் இரண்டும் உயிரோடு இருக்கும். இதில் கடைசியது மிக மோசம், ஏனென்றால் கண்டுபிடிக்க வருடங்கள் ஆகும்.

எதை மொழிபெயர்க்கிறோம் என்பதும் இதே வரிசையில் வரும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அதிகாரப்பூர்வ மொழிகள் 24. ஒரு ஒழுங்குமுறை எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்றால் எல்லா மொழியிலும் அது ஒரே பொருள் தர வேண்டும். 'செய்ய வேண்டும்' என்பது ஒரு மொழியில் 'செய்யலாம்' என்று ஆகிவிட்டால் திருத்த அறிவிப்பு வெளியிட வேண்டிவரும். சட்டமும் மொழியும் இரண்டும் தெரிந்தவர்களைத் தனியாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஐரோப்பிய வங்கியின் நடைமுறை விதிகள்படி, உத்தேச நிகழ்ச்சி நிரலும் அதற்கான ஆவணங்களும் கூட்டத்துக்குக் குறைந்தது 8 நாள் முன்பு உறுப்பினர்களைச் சேர வேண்டும். அவசரம் மட்டும் விலக்கு. இந்த 8 நாளுக்குப் பல் உண்டு. ஆவணம் உரிய நேரத்தில் வரவில்லை என்று ஓட்டுரிமை உள்ள மூன்று பேர் சொன்னால் போதும், அந்தப் பொருளை நிரலிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். விவாதம் இல்லை, ஓட்டு இல்லை. மூன்று என்ற எண் இந்த விதிப்புத்தகத்தில் இன்னும் சில இடங்களில் வரும்: மூன்று ஆளுநர்கள் மறுத்தால் தொலைபேசி வழிக் கூட்டம் கிடையாது, ஓட்டுரிமை உள்ள மூன்று பேர் கேட்டால் ரகசிய ஓட்டெடுப்பு நடத்தலாம். ஒருவர் கேட்டால் பிடிவாதம், மூன்று பேர் கேட்டால் காரணம் இருக்கும் என்ற கணக்கு போலும். நல்ல எண்தான். இரண்டாக வைத்திருந்தால் அண்டை நாடுகள் இரண்டு சேர்ந்தாலே எதையும் நிறுத்தலாம். ஐந்தாக வைத்திருந்தால் யாரும் அந்த உரிமையைப் பயன்படுத்தவே மாட்டார்கள்.

மேசைப் பொருளாகக் கடைசி நிமிடத்தில் வருவதை எந்தச் செயலரும் விரும்புவதில்லை. 2016 நவம்பர் 8 அன்று ரிசர்வ் வங்கி மத்திய வாரியத்தின் 561-வது கூட்டம் மாலை 5.30 மணிக்கு டெல்லியில் கூடியது. 500, 1000 ரூபாய் நோட்டுகளின் செல்லுபடியை விலக்கப் பரிந்துரைப்பது பொருள். இரவு 8 மணிக்குப் பிரதமரின் உரை. ரகசியம் காக்க வேண்டிய முடிவுக்கு முன்கூட்டியே காகிதம் அனுப்ப முடியாது என்பது புரிகிறது. ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்துக்குள் எது படிக்கப்பட்டது, எது பேசப்பட்டது என்ற கேள்வி பின்னர் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு கையெழுத்தானது டிசம்பர் 15-ல். வழக்கமான பொருள் ஒன்றுக்கு ஐந்து வாரம் கழித்துக் கையெழுத்தானால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அடுத்த கூட்டத்தில் உறுதி செய்து கையெழுத்திடுவது ஊரறிந்த வழக்கம்.

இப்போது மௌனத்துக்கு வருவோம். கூட்டம் கூடாமலே முடிவெடுக்கும் முறைக்கு எழுத்து நடைமுறை என்று பெயர். சுற்றுக்கு விடுவது என்று நாம் சொல்வதுதான். ஐரோப்பிய வங்கியில் இதற்கு மூன்று நிபந்தனை. ஒவ்வொரு உறுப்பினருக்கும் படித்துப் பார்க்க வழக்கமாகக் குறைந்தது 5 வேலைநாள். ஒவ்வொருவரின் ஒப்புதலும் தனிப்பட்ட முறையில், வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ. எடுத்த முடிவை அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பதிவது. 'மறைமுகமாக' என்ற சொல்தான் இங்கே வேலை செய்கிறது: கெடு முடியும்வரை பதில் வரவில்லை என்றால் சரி என்று பொருள்.

இதில் சறுக்கும் இடங்கள் சிறியவை, ஆனால் வழுக்குபவை. முதலாவது, வேலைநாள் என்றால் எந்த நாட்டு வேலைநாள்? இருபத்தொரு நாடுகளின் விடுமுறைகளும் ஒன்றல்ல. ஒரு ஆளுநரின் அலுவலகம் மூடியிருக்கும் நாளில் ஓடும் கெடு, தலைமையகத்தைப் பொறுத்தவரை ஓடிக்கொண்டேதான் இருக்கும். அனுப்பும் கடிதத்தில் '5 வேலைநாளுக்குள்' என்று எழுதுவதை விட, இன்ன தேதி, இன்ன மணி, இன்ன நேர மண்டலம் என்று எழுதிவிடுவது மேல். அனுப்பிய நாளைக் கணக்கில் சேர்ப்பதா என்ற கேள்வியும் அத்தோடு ஒழியும்.

இரண்டாவது, ஓட்டுச் சுழற்சி. மாதக் கடைசியில் சுற்றுக்கு விட்டு அடுத்த மாதம் மூன்றாம் தேதி முடிகிறது என்று வையுங்கள். யார் ஓட்டு செல்லும்? ஒப்புதல் தரும் நேரத்தில் ஓட்டுரிமை உள்ளவருடையது என்பது விதி. அனுப்பும் நாளின் பட்டியலை வைத்து எண்ணினால் கணக்கு தப்பும். மாதக் கடைசியில் சுற்றுக்கு விடாமல் தவிர்ப்பதே இதற்கு எளிய மருந்து.

மூன்றாவது, பாதிச் சம்மதம். 'சரி, ஆனால் மூன்றாம் பத்தியில் இந்தச் சொல்லை மாற்றினால் நல்லது' என்று ஒருவர் பதில் எழுதுவார். இது சம்மதமா, ஆட்சேபமா? சொல்லை மாற்றினால் ஏற்கெனவே சம்மதித்த மற்றவர்கள் பார்த்த வரைவு வேறு, நிறைவேறிய வரைவு வேறு. கருத்துச் சொல்ல ஒரு கெடு, முடிவுக்கு ஒரு கெடு என்று இரண்டாகப் பிரித்து, நடுவில் வரைவை உறைய வைத்துவிடுவதே வழி. அதற்குப் பின் வருவது ஆமாம் அல்லது இல்லை மட்டும்.

அமெரிக்க மத்திய வங்கியிலும் இதே முறை உண்டு. வாஷிங்டனில் உள்ள ஆளுநர் வாரியத்துக்கு ஏழு இடங்கள்; முழுப் பதவிக்காலம் 14 ஆண்டு. கூடிப் பேச வேண்டாத விஷயங்களில் உறுப்பினர்கள் கோப்பில் ஓட்டைக் குறித்து அனுப்பிவிடுவார்கள். வங்கி இணைப்பு விண்ணப்பங்கள், ஒப்புதல்கள் எல்லாம் 'எச்.2' என்ற வாராந்திர வெளியீட்டில் வரும். அங்கே இன்னும் ஒரு விசித்திரம் உண்டு. வங்கிகள் மத்திய வங்கியிடம் குறுகிய காலக் கடன் வாங்கும்போது தரும் வட்டிக்குக் கழிவு விகிதம் என்று பெயர். அதை 12 வட்டார ரிசர்வ் வங்கிகளின் இயக்குநர் குழுக்கள் 14 நாளுக்கு ஒருமுறையாவது நிர்ணயித்து, வாஷிங்டன் வாரியத்தின் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். விகிதம் மாறாவிட்டாலும் 'மாறவில்லை' என்பதை முடிவாக எடுத்தே ஆக வேண்டும். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குக்கூடக் கையெழுத்து கேட்கும் இந்த ஏற்பாட்டை ஐரோப்பியர்களின் மௌன விதியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கோரிக்கைகளில் எந்த வட்டார வங்கி எந்த விகிதம் கேட்டது என்பது சில வாரங்கள் கழித்து வெளியாகும். சலிப்பூட்டும் தாள்தான். ஆனால் எந்த வட்டாரம் முதலில் மாற்றம் கேட்கத் தொடங்கியது என்பதை அதில்தான் பார்க்க முடியும்.

மௌனத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனது வங்கி மேற்பார்வை. 2014 நவம்பர் 4 முதல் யூரோ நாடுகளின் பெரிய வங்கிகளை ஐரோப்பிய மத்திய வங்கியே மேற்பார்வை செய்கிறது. வேலையைச் செய்வது மேற்பார்வை வாரியம். ஆனால் ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தப்படி கடைசி முடிவெடுக்கும் அதிகாரம் ஆளுநர் குழுவுக்கு மட்டுமே உண்டு. இரண்டையும் எப்படிப் பொருத்துவது? மேற்பார்வை வாரியம் முழு வரைவு முடிவை அனுப்பும். ஆளுநர் குழு அதிகபட்சம் 10 வேலைநாளுக்குள் ஆட்சேபிக்கவில்லை என்றால் அது ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். அவசரச் சூழலில் கெடு 48 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஆட்சேபித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வரைவில் ஒரு வரியை ஆளுநர் குழு தானே திருத்த முடியாது என்பதைக் கவனியுங்கள். மொத்தமாக விடலாம், அல்லது மொத்தமாகத் தடுக்கலாம்.

ஒரு வங்கியின் இயக்குநராக இன்னார் வரலாமா என்பது போன்ற தகுதி ஆய்வு முடிவுகள் மலை மாதிரிக் குவிந்தன. எல்லாம் 10 நாள் சுற்றில் போக வேண்டியவை. 2017-ல் ஒரு வழி கண்டார்கள்: தகுதி முடிவுகளையும் இன்னும் சில வகைகளையும் குறிப்பிட்ட பதவியில் இருக்கும் மேலாளர்களே கையெழுத்திடலாம் என்று அதிகாரத்தை இறக்கிக் கொடுத்தார்கள். அதில் முக்கியமான ஒரு வேலி உண்டு. பாதகமான முடிவு, அதாவது 'இவர் தகுதியில்லை' என்பது, கீழே போகாது. அது பழைய வழியில் மேலேதான் வர வேண்டும். அதிகாரத்தை இறக்கிக் கொடுக்கும் எந்தத் தீர்மானத்துக்கும் இது நல்ல மாதிரி. 'சரி' என்பதைக் கீழே விடலாம். 'முடியாது' என்பதால் பாதிக்கப்படுகிறவர் நீதிமன்றம் போவார். அதற்குக் கையெழுத்து கனமாக இருக்க வேண்டும். தொகை வரம்பு, முடிவுத் தேதி, மாதந்தோறும் மேலே அறிக்கை இந்த மூன்றும் இல்லாத அதிகார ஒப்படைப்பை நான் பார்த்தால் பின்னேற்புக்கு, அதாவது நடந்து முடிந்ததைப் பிறகு ஏற்றுக்கொள்ள, ஒரு கோப்பு வரப்போகிறது என்றே எடுத்துக்கொள்வேன்.

அவசரக்காலப் பண உதவியும் மௌனத்தில்தான் ஓடுகிறது. ஒரு வங்கி தள்ளாடும்போது அந்த நாட்டு மத்திய வங்கி தன் பொறுப்பில் கடன் தரலாம். ஆளுநர் குழு அனுமதி தருவதில்லை. தடுக்க வேண்டுமென்றால் பதிவான ஓட்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு சேர வேண்டும். கடன் கொடுத்த இரண்டு வேலைநாளுக்குள் விவரம் தர வேண்டும். 50 கோடி யூரோவைத் தாண்டும் என்றால் கொடுக்கும் முன்பே, முடிந்தவரை சீக்கிரம் சொல்ல வேண்டும். 200 கோடியைத் தாண்டினால் பணக் கொள்கைக்கு இடையூறா என்று ஆளுநர் குழுவே பார்க்கும்.

நாணய ஒப்புதல் எப்போதும் எனக்குப் பிடித்த பொருள். நோட்டுக்கு அனுமதி தருவது ஐரோப்பிய மத்திய வங்கியின் தனி உரிமை. நாணயம் அடிப்பது அந்தந்த நாட்டு அரசின் உரிமை. ஆனால் எவ்வளவு அடிக்கலாம் என்பதற்கு வங்கியின் ஒப்புதல் வேண்டும். ஏன்? நாணயத்தை முக மதிப்புக்கு விட்டு, செய்கூலி போக மிச்சத்தை அரசு வரவு வைத்துக்கொள்கிறது. அளவைக் கட்டாவிட்டால் அது அரசு தனக்குத்தானே பணம் அச்சிட்டுக்கொள்ளும் சந்து ஆகிவிடும். ஒவ்வொரு நாடும் வரும் ஆண்டுக்கான மதிப்பை முன்கூட்டியே கேட்டு வாங்கும். புழக்கத்துக்கானவை, சேகரிப்பாளர்களுக்கானவை இரண்டும் அந்தக் கணக்கில் வரும். வருட நடுவில் அளவு போதாது என்று தெரிந்தால் அடித்துவிட்டுப் பிறகு சொல்லக் கூடாது. கூடுதல் ஒப்புதலுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முடிவுப் பட்டியலில் திடீரென ஒரே ஒரு நாட்டின் நாணயம் தனியாக வந்தால் இதுதான் விஷயம்.

நோட்டுப் பக்கத்தில் ஒரு தீர்மானத்தின் வால் எவ்வளவு நீளும் என்பதற்கு 500 யூரோவைச் சொல்லலாம். நிறுத்துவது என்று முடிவானது 2016 மே 4. பதினேழு மத்திய வங்கிகள் 2019 ஜனவரி 26 வரை அதை வெளியிட்டன. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மாற்றம் சீராக நடக்க ஏப்ரல் 26 வரை எடுத்துக்கொண்டன. கையில் இருப்பவை இன்றும் செல்லும். மத்திய வங்கிகளில் மாற்றக் காலக்கெடு இல்லை.

சட்ட வரைவுகள் மீதான கருத்துக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. பணம், மத்திய வங்கி, கட்டண முறை, புள்ளிவிவரம் பற்றிச் சட்டம் செய்யும் நாடு முன்கூட்டியே ஐரோப்பிய மத்திய வங்கியைக் கேட்க வேண்டும். பதில் சொல்லத் தரும் அவகாசம் ஒரு மாதத்துக்குக் குறையக் கூடாது. அமைச்சகங்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, மசோதா அவையில் ஏறிய பிறகு அனுப்புவது. அப்போது கருத்து வருவதற்குள் சட்டமே வந்துவிடும்.

பணம் பெரிதாகப் புரளும் வழக்கமான பொருள் ஆண்டுக் கணக்கு. ரிசர்வ் வங்கியை எடுத்துக்கொள்வோம். 47-ம் பிரிவுப்படி, தேவையான ஒதுக்கீடுகள் போக மிஞ்சும் லாபம் மத்திய அரசுக்குப் போகும். 'தேவையான' என்ற சொல்லில்தான் எல்லாம். முன்னாள் ஆளுநர் பிமல் ஜலான் தலைமையிலான குழு 2019-ல் ஒரு அளவுகோல் கொடுத்தது: எதிர்பாராத நஷ்டத்துக்கு என ஒதுக்கி வைக்கும் எதிர்பாரா இடர்க் காப்பு, இருப்புநிலைக் குறிப்பின் மொத்தத்தில் 5.5 முதல் 6.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்த வரம்புக்குள் எந்தப் புள்ளி என்பதை வாரியம் தீர்மானிக்கும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று கீழ் எல்லையான 5.5-ஐத் தேர்ந்தார்கள்; அரசுக்குப் போனது 1,76,051 கோடி ரூபாய், அதில் 52,637 கோடி தேவைக்கு மேல் இருந்த பழைய ஒதுக்கீடு. 2025 மே மாதம் வரம்பு 4.5 முதல் 7.5 என்று விரிந்தது. அதே மாதம் 23-ம் தேதி மேல் எல்லையான 7.5-ஐத் தேர்ந்தார்கள். அப்படியும் அரசுக்கு 2,68,590 கோடி போனது.

ஒரு சதவீதப் புள்ளி என்றால் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். 2025 மார்ச் 31 அன்று வங்கியின் இருப்புநிலைக் குறிப்பு சுமார் 76.25 லட்சம் கோடி. காப்பை 6.5-லிருந்து 7.5 ஆக்குவது என்றால் ஏறக்குறைய 76 ஆயிரம் கோடி ரூபாய் அளவுக்குக் காப்பு கூடுகிறது. இவ்வளவும் பத்திரிகைக் குறிப்பில் ஒரு பத்தி. அதன் கீழே வந்திருந்த இயக்குநர்களின் பெயர்கள்.

இந்தக் கணக்கை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுகிறவர்கள் ஒரு பள்ளத்தைக் கவனிக்க வேண்டும். வங்கியின் கணக்காண்டு முன்பு ஜூலை முதல் ஜூன் வரை. ஏப்ரல்–மார்ச்சுக்கு மாறியபோது 2020–21 ஒன்பது மாதமாகச் சுருங்கியது. அந்த வருடத்து 99,122 கோடி ஒன்பது மாதத்துக் காசு. அட்டவணையில் மற்ற வருடங்களோடு அப்படியே வைத்தால் கணக்கு உளறும்.

ஐரோப்பாவில் இதே பொருள் இப்போது தலைகீழாக நிற்கிறது. பிப்ரவரியில் கணக்கை ஏற்கும் ஆளுநர் குழு, 2023-க்கு சுமார் 127 கோடி யூரோ, 2024-க்கு சுமார் 794 கோடி யூரோ நஷ்டத்தை ஏற்றது. நஷ்டத்தைப் பொது இருப்பு நிதியில் கழிக்கலாம், குழு முடிவெடுத்தால் அந்த ஆண்டு தேசிய வங்கிகளின் பண வருமானத்தில் ஈடுகட்டலாம் என்று சாசனம் சொல்கிறது. இம்முறை எஞ்சியதை அடுத்த ஆண்டுகளின் லாபத்தில் கழிக்க முன்னெடுத்துச் சென்றார்கள். பங்குதாரர்களுக்கு லாபப் பங்கு இல்லை.

மூலதனப் பங்கின் விகிதம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும். 1999-ல் தொடங்கி கடைசியாக 2024 ஜனவரி 1. பாதி மக்கள்தொகை, பாதி உள்நாட்டு உற்பத்தி. மொத்த மூலதனம் 10,825,007,069.61 யூரோ. அந்த 61 சென்ட்டும் சும்மா இல்லை. நாடுகள் வாரியாகப் பிரித்தால் கூட்டுத்தொகை அந்த 61-ல் வந்து முடிய வேண்டும். புதிய நாடு சேரும்போதும் நாடு வாரியான கணக்குப் போட வேண்டும், பழைய தீர்மானங்களை நீக்கிப் புதியவற்றை ஏற்க வேண்டும், எல்லாம் டிசம்பர் 31-க்குள் கையெழுத்தாக வேண்டும்.

தன் வேலையோடு மோதக்கூடிய சொந்த, குடும்பத் தொடர்புகளை எழுதித் தரும் நலன் முரண் படிவத்தை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கிறவர்களுக்கு 2017-ல் லண்டனில் நடந்ததைச் சொல்லலாம். இங்கிலாந்து வங்கியில் துணை ஆளுநராகப் பொறுப்பேற்ற இரண்டே வாரத்தில் ஒருவர் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். நெருங்கிய உறவினர் ஒரு பெரிய வங்கியில் வேலை பார்ப்பதை ஆண்டுக்கணக்கில் படிவத்தில் குறிப்பிடவில்லை. ஊழலும் இல்லை, லாபமும் இல்லை. நிரப்பாத ஒரு கட்டம். அமெரிக்காவில் 2022 பிப்ரவரியில் வந்த விதி இன்னும் இறுக்கம்: மூத்த அதிகாரிகள் தனி நிறுவனப் பங்கு வாங்கவே கூடாது, அனுமதிக்கப்பட்ட முதலீடுகளை வாங்கவோ விற்கவோ 45 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், முன்அனுமதி வேண்டும், வாங்கியதை ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும். கொடுத்த அறிவிப்பைத் திரும்பப் பெறவும் முடியாது.

வாரியத்தில் இடம் காலியாக இருக்கும்போது எடுத்த முடிவு செல்லுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ரிசர்வ் வங்கிச் சட்டம் 8-ம் பிரிவிலேயே வேலி போட்டு வைத்திருக்கிறது: காலியிடம் இருந்தது, அமைப்பில் குறை இருந்தது என்பதை மட்டும் காரணமாகக் காட்டி வாரியத்தின் எந்தச் செயலையும் கேள்வி கேட்க முடியாது. கோரம் இருந்ததா என்பது வேறு கேள்வி. அதற்கு வருகைப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். நடுவில் எழுந்து போனவர் எந்தப் பொருளின்போது போனார் என்று எழுதாத குறிப்பு, பிரச்சினை வரும் நாளில் கை கொடுக்காது.

ஐரோப்பியப் பட்டியலுக்குத் திரும்பினால், ஒரே பக்கத்தில் தேதிகள் சிதறிக் கிடப்பதைப் பார்க்கலாம்: இந்த மாதம் 4, 11, 17, போன மாதம் 26. கூட்டம் நடந்த நாளோடு பொருந்தாதவை பெரும்பாலும் எழுத்து நடைமுறையில் முடிந்தவை. அன்று யாரும் எங்கேயும் கூடவில்லை. கெடு முடிந்தது, ஆட்சேபம் வரவில்லை, செயலகம் தேதி போட்டது. அதற்கு மறுப்பு சொன்னவர் யாராவது இருந்தாரா என்று பார்க்க வேண்டுமானால், ஆவணக் காப்பகம் திறக்க 30 ஆண்டு காத்திருக்க வேண்டும்.